வலப்பக்கம் காலியாகவே இருக்கட்டும்

அக்கா,

நாளை விடிந்ததும் வேன் வந்துவிடும். பைக்குள் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் அலமாரியின் அடித்தட்டிலிருந்து நம் பழைய கேள்வி நோட்டை எடுத்தேன். கம்பெனியில் வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட்டில் பொறுக்கிய நீலப் பனியன் துணியில் நீங்கள் தைத்துப் போட்ட உறை இன்னும் பிரியவில்லை. முகத்தருகே கொண்டுபோனேன். தையல் மெஷின் எண்ணெய் வாசம் லேசாக இருக்கிறது. உங்கள் கையிலும் அதே வாசம்தான். பூசைக்கு வரும் அன்று எவ்வளவு சோப்புப் போட்டாலும் போக மாட்டேன் என்கிறது என்று சிரிப்பீர்கள்.

துறவிகள் அல்லாத பொதுநிலையினருக்கென்று ஒரு மாதக் கற்றல் திருப்பயணம் போகிறோம் என்று நம் பங்குக் கோயிலில் முதன்முதலாக அறிவித்தபோது, கோயிலைப் பார்த்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்புவோம் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. ஐந்து ஊர், ஊருக்கு ஆறு நாள், மாதம் முழுக்க ஒரே நற்செய்தி நூல். காலையில் வாசிப்பு, மாலையில் நடை. ஒவ்வோர் ஊரிலும் ஆளுக்கொரு கேள்வி கேட்க வேண்டும். அன்றைக்கே யாரும் பதில் சொல்லக் கூடாது. அந்த ஊரை விட்டுக் கிளம்புவதற்குமுன் எல்லோரும் கூடிப் பேசி, கிடைத்த பதிலை எழுதிக்கொள்வோம். கூட வந்த சிஸ்டரின் ஏற்பாடு அது.

வீட்டு வரவுசெலவை ஒரு நாள் விடாமல் எழுதுகிறவள் என்று நம் தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியத்தில் யாரோ சொல்லிவிட, கேள்வி நோட்டு என்னிடம் வந்து சேர்ந்தது. இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் பதில். "வாங்க கணக்கப்பிள்ள" என்றீர்கள். அந்தப் பெயர் கடைசிவரை மாறவில்லை.

இரண்டாவது ஊர் உங்கள் கடற்கரை. தம்பி கடலுக்குப் போய் உடலாகக் கரை சேர்ந்த வருடம் திருப்பூர் நெருப்பெரிச்சலில் பனியன் கம்பெனிக்குத் தைக்க வந்தவர் நீங்கள். பதினெட்டு வருடமாக அந்தப் பக்கம் போகவில்லை. வேனில் என்னிடம் மட்டும் இதைச் சொன்னீர்கள். சொன்ன கையோடு பேச்சை மாற்றி, நான் ஒரு வாக்கியத்துக்கு எத்தனை 'ங்க' போடுகிறேன் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தீர்கள்.

அந்த ஊரில் ஐந்து நாள் தங்கியும் தம்பியைப் புதைத்த கல்லறைத் தோட்டம் இருக்கும் தெருவுக்கு மட்டும் நீங்கள் வரவில்லை. மாலை நடையில் கால் வலி என்று உட்கார்ந்துவிடுவீர்கள். மூன்றாம் நாள் காலை, இரண்டு சகோதரிகள் தங்கள் தம்பியை அடக்கம் செய்த பகுதியை வாசித்தோம். தாமதமாக வந்த ஆண்டவர் கல்லறைப் பக்கம் நின்று அழுகிறார். பிறகு அவனை உயிரோடு எழுப்புகிறார். வாசிப்பு முடிந்ததும் மெதுவாகக் கேட்டீர்கள்:

"எழுப்பப் போறோம்னு தெரிஞ்சவரு எதுக்கு அழுதாரு, சிஸ்டர்?"

நான் எழுதிக்கொண்டேன்.

ஆறாம் நாள் எல்லோருடைய கேள்வியையும் பேசி முடித்தோம். உங்கள் கேள்வியைப் பேச வேண்டாம் என்று நீங்கள் தலையாட்டிவிட்டீர்கள். நோட்டில் அந்த ஒரு வலப்பக்கம்தான் காலி. எனக்கு அது உறுத்தியது. வீட்டில் படித்த விளக்கப் புத்தகம் ஒன்றில் இருந்ததை நினைவுபடுத்தி, அவரும் நம்மைப் போல் மனிதர், நம்மேல் உள்ள அன்பைக் காட்டவே அழுதார் என்று நான்கு வரி எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டேன். உறையில் நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்க்க வாங்கிய நீங்கள் அதைப் படித்துவிட்டீர்கள்.

"இது யாரு சொன்ன பதிலு?"

"புத்தகத்துல இருந்துதுங்க அக்கா."

"எங் கேள்விய நீங்க ஏன் முடிச்சிய? பதினெட்டு வருசமா நானே முடிக்கல."

மறுநாள் வேன் ஏறும் நேரத்தில் உங்கள் பை பஸ் நிறுத்தத்தில் இருந்தது. திருப்பூருக்கே திரும்பிப் போகிறேன் என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டீர்கள். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கணக்கில் தப்பாக எழுதியதை அழிக்கவும் கூடாது, கிழிக்கவும் கூடாது. குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து அப்படியே செய்தேன். கையெழுத்தின் மேல் விரலை வைத்தீர்கள்.

"இதுக்குக் கையெழுத்து வேறயா?"

"தப்புப் பண்ணுனது நானுங்களே."

"அப்ப இனி அது காலியாவே கெடக்கட்டும். நா இருக்குற வர யாரும் எழுதக் கூடாது, சொல்லிட்டேன்."

பையைத் தூக்கிக்கொண்டீர்கள். ஆனால் வேனுக்குப் போகவில்லை. என் கையைப் பிடித்துக் கல்லறைத் தோட்டத்துக்கு இழுத்துப் போனீர்கள். அங்கே நீங்கள் அழுத அழுகைக்கு வேனில் இருந்தவர்களும் இறங்கி வந்துவிட்டார்கள். யாரும் தேற்றவில்லை. மிச்சம் மூன்று ஊரும் நீங்கள் எங்களோடு வந்தீர்கள்.

போன வருடம் உங்களை இங்கே திருப்பூர் மண்ணில் வைத்தோம். நீங்கள் உயிர்த்தெழுவீர்கள் என்பதில் எனக்கு அன்றும் துளி சந்தேகம் இல்லை. ஆனாலும் மண் மேட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்து, முந்தானை நனைய அழுதேன். என் மகள் தோளைத் தொட்டாள்.

"பெரியம்மா சாமிகிட்டத்தான் இருக்காங்கன்னு நீங்கதானம்மா சொன்னீங்க. அப்பறம் ஏனுங்கம்மா அழுகறீங்க?"

உங்கள் கேள்வி என்னைத் தேடி வந்துவிட்டது என்று தோன்றியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நாளை பதினாறு பேர் போகிறோம். கேள்வி நோட்டு இந்தத் தடவையும் என் பொறுப்பு. புது நோட்டின் முதல் இடப்பக்கத்தில் உங்கள் கேள்வியை எழுதிவிட்டேன். நீங்கள் போட்ட தடை உங்களோடு முடிந்தது. என்ன எழுதலாம் என்று எனக்கும் கொஞ்சம் தெரிகிறது. இருந்தாலும் வலப்பக்கத்தைத் தொடவில்லை. வருகிறவர்களில் ஒருவருக்காவது அந்த இடம் வேண்டியிருக்கும். பழைய உறையைக் கழற்றிப் புது நோட்டுக்குப் போட்டிருக்கிறேன். சரியாகப் பொருந்துகிறது.

இரண்டாவது ஊர் மறுபடியும் உங்கள் கடற்கரைதான். இந்தத் தடவை முதல் நாளே தம்பியிடம் போய் நிற்பேன், அக்கா. அழுகை வந்தால் அழுதுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து வாசிக்கத் தொடங்குவோம்.

உங்கள்
கணக்கப்பிள்ளை