அந்த இன்னொரு பார்ட்டி

ஏங்க,

நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. எழுந்ததும் கார் ஷோரூமுக்கு எந்த மெசேஜும் அனுப்பிவிடாதீர்கள். கார் நமக்குத்தான்.

"உனக்குப் பேரம் பேசத் தெரியாது, நீ ஒதுங்கிக்கோ" என்று சொன்னீர்களே, அந்தக் கோபத்தில் உங்களுக்குத் தெரியாமல் நானே ஆன்லைனில் விலை கேட்டேன். அத்தை முழங்காலை அதிகம் மடக்காமல் ஏறி உட்கார அந்த உயரமான கார்தான் சரிப்படும். நான் குறைக்கச் சொன்னபோதெல்லாம் சேல்ஸ்மேன், "மேடம், கடைசி வண்டி. இன்னொரு பார்ட்டி உங்களவிட அதிகமாவே தர்றேங்கறாரு" என்றார். பயந்துபோய் நானும் ஏற்றிக்கொண்டே போனேன்.

இன்று காலை போனில் நம் முகவரியைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார்.

"அந்தப் பார்ட்டியும் இதே வீடுதாங்க மேடம்."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கை நழுவிப் போய்விடுமோ என்று நான் பயந்த பார்ட்டி, உள்ளறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் விடுவேனா? நான் முதலில் கேட்ட குறைந்த விலைக்கே பேசி முடித்துவிட்டேன்.

அத்தையை டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். சாப்பாடு அடுப்புமேல் மூடியிருக்கிறது, சூடாக்கிக்கொள்ளுங்கள். வீட்டுச் சாவி ஃப்ரிட்ஜ்மேல்.

பி.கு: "என் வொய்ஃபுக்கு நீலக் கலர்னா உயிரு, வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று நீங்கள் எழுதியதையும் அவர் படித்துக் காட்டினார். அத்தைக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இன்னொன்று: 'ஒதுங்கிக்கோ' என்றதற்கு மட்டும் கோபம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. சாயங்காலம் நீங்களே ஒரு விலை சொல்லுங்கள். குறைத்துக்கொள்கிறேன்.