முருகன் கம்பத்தில் இருந்தபோது

சித்திரை, செவ்வாய் இரவு

மதியம் கரண்ட் போனதும் எங்கள் வீட்டு சோலாரும் நின்றுவிட்டது. மாடியில் தகடுகள் மேல் தீயாய் வெயில். கீழே காய்ச்சலோடு பாப்பா மின்விசிறி இல்லாமல் சிணுங்கினாள். “தலைக்கு மேல வெயில வெச்சிக்கிட்டு மொறத்தால விசிறிக்கிட்டு இருக்கறோம். நல்ல சோலாரு மாட்டுன போ!” என்று அத்தை தன் மகனிடம் எகிறினார். எனக்கும் ஆத்திரம்தான். “அந்த இன்வெர்ட்டர் பெட்டிய எப்படியாவது ஓட வைங்களேன்” என்றேன் இவரிடம்.

காற்றுக்காகப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். எதிர்க் கம்பத்தின் உச்சியில் லைன்மேன் முருகன் அறுந்த கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் சோலார் மாட்டியவர்கள் சொன்னது உறைத்தது. லைனில் கரண்ட் இல்லையென்றால் பெட்டி தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் எங்கள் கரண்ட் அந்தக் கம்பியில்தான் ஏறும். “அந்தப் பெட்டியத் தொட்டுடாதீங்க!” என்று இவரிடம் கத்தினேன்.

அத்தையிடம் சொன்னேன். முறத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். “முருகா, பதறாம வேலையப் பாரு சாமி! எங்க வூட்டு வெயிலு உன்ன ஒண்ணும் பண்ணாது!”

லைனில் கரண்ட் வந்துவிட்டது; இப்போது மின்விசிறி ஓடுகிறது. பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்; சூடு இறங்கியிருக்கிறது. யாரும் சொல்லாமலே ஓர் உயிருக்காகக் கைகட்டி நின்ற அந்தப் பெட்டியையும் போய் ஒருமுறை தொட்டுவிட்டு வந்தேன். வெயில் போன இரவில் அதுவும் ஆறிப்போய்த் தூங்குகிறது.