எட்டாவது காலுக்குச் செருப்பு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். உன் இருமல் விட்டதா? போனில் கேட்டால் "எல்லாம் சரியா இருக்கும்மா" என்று ஒரே பாட்டைப் பாடுகிறாய். ஊராரை லிப்டில் ஏற்றி இறக்கினால் மட்டும் போதாது, சொந்த உடம்பையும் கொஞ்சம் பழுது பார்த்துக்கொள்.

வாராவாரம் போனில் பேசுகிறவள் கடிதம் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீயும் நானும் பேசும்போது உன் அப்பா பக்கத்திலேயே செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேசி முடிக்கும்வரை ஒரு பக்கம்கூடத் திரும்பாது. அவரை வைத்துக்கொண்டு இதையெல்லாம் சொல்ல முடியாது. அதோடு இந்தப் பார்சலில் ஒரு பொருளும் வருகிறது. கடிதத்தைப் படித்துவிட்டு அதைப் பிரி.

போன சனிக்கிழமை காமிக்ஸ் திருவிழா ஒன்றுக்குப் போய்விட்டு வந்தோம். எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காதே. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, தனியாக அனுப்ப மனம் வரவில்லை. அந்த ஆழ்கடல் துப்பறிவாளன் கதைகளுக்குப் படம் போட்டவர் வருகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து மனுஷன் தரையில் நடக்கவில்லை. தன்னிடமிருக்கும் முதல் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பின்னால் அட்டை வைத்து, அதைத் துண்டில் சுற்றி, துண்டைப் பைக்குள் வைத்து, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் வந்தார்.

நானும் என் கைப்பையில் ஒரு புத்தகம் வைத்திருந்தேன். அவருக்குச் சொல்லவில்லை. அவர் தன் பிள்ளையை மடியில் வைத்துக் கூட்டிப் போகும்போது நான் என் பிள்ளையைக் கூட்டிப் போகக் கூடாதா?

என்ன புத்தகம் என்று உனக்குப் புரிந்திருக்கும். அதே கதையின் இன்னொரு பிரதிதான். நீ பென்சிலை விட்டுவிட்டுப் பேனா பிடித்த புதிதில் அதில் படம் போட்டாய். அவர் உன் கையிலிருந்து பிடுங்கி, பழைய பேப்பர் கட்டின்மேல் வீசிவிட்டு, இனிமேல் என் காமிக்ஸ் அறைப் பக்கம் கால் வைக்காதே என்றார். கோபத்தில் சொன்னதை மறுநாளே அவர் மறந்துவிட்டார். நீ மறக்கவில்லை. வளர்ந்து, வேலைக்குப் போய், போன தடவை லீவில் வந்தபோதுகூட அந்த வாசற்படியில் நின்றபடியே கையை நீட்டி அவருக்கு மாத்திரை கொடுத்துவிட்டுத் திரும்பினாய். அதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். அந்தப் புத்தகத்தை அன்றே எடுத்துத் தையல் மெஷின் டிராயரில் போட்டுவிட்டேன். இத்தனை வருஷமாக நூல்கண்டுகளோடு குடித்தனம் நடத்தியது.

திருவிழா ஒரு பெரிய மண்டபத்தில். உள்ளே நுழைந்ததும் எனக்குத் தலை சுற்றியது. பாதிப் பேர் முகமூடியில். முதுகில் அட்டைச் சிறகு கட்டிய ஒரு பெண் கழிப்பறைக் கதவுக்குள் நுழைய முடியாமல் திண்டாடினாள், நான்தான் பின்னாலிருந்து மடக்கிப் பிடித்து உள்ளே அனுப்பினேன். இன்னொரு பக்கம் உன் அப்பா மாதிரி ஆட்கள். புத்தகத்தைத் திறக்கவே மாட்டார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார்கள், மோந்து பார்க்கிறார்கள், தைத்திருக்கும் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது எங்கள் வீட்டில் இதில் பாதி விசாரித்திருந்தால் தேவலை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே அவர் வேறு ஆளாக இருந்தார். முன்பின் தெரியாதவர்களோடு கைகொட்டிச் சிரித்துப் பேசினார். எந்தக் கதையில் எந்தக் கப்பல் மூழ்கியது என்று ஒருவரோடு செல்லச் சண்டை வேறு. பஸ் டிப்போ ஸ்டோரில் சீட்டு இல்லாமல் ஒரு திருகாணியைக்கூட வெளியே விடாத மனுஷனா இது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த அப்பா உனக்குக் கிடைக்கவே இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

ஓவியர்களுக்கு வரிசையாக மேசை போட்டிருந்தார்கள். இளைஞர்கள் முன்னால் நல்ல கூட்டம். நம் துப்பறிவாளனை வரைந்தவர் ஓரத்து மேசையில் இருந்தார், வயசாளி, கழுத்தில் மப்ளர், பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். உன் அப்பா அவர் முன்னால் போய் நின்றார். துண்டைப் பிரித்து, உறையை நீக்கிப் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். பெரியவருக்கு முகம் அப்படியே மலர்ந்தது. ஆசையாகத் திறக்கப் போனார்.

உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? பாதிக் கனவில் இருப்பவர்போல, "ஓரத்தைப் பிடிங்க சார், மடங்கிடும்" என்றார்.

வரைந்தவரிடம்! பெரியவர் கையை எடுத்துக்கொண்டார். கோபப்படவில்லை. தன்னிடம் ஒரு பிரதிகூட இல்லை, அந்தக் காலத்தில் படத்தை வாங்கிக்கொள்வார்கள், புத்தகம் தர மாட்டார்கள், அச்சில் எப்படி வந்தது என்று பார்க்கலாமே என்றுதான் தொட்டேன் என்று பொறுமையாகச் சொன்னார். உன் அப்பா பதறிப்போய், பாருங்கள், தாராளமாகப் பாருங்கள் என்று இரண்டு கையாலும் நீட்டினார். அவர் வேண்டாம் என்று தலையசைத்து, கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கைப்பையைத் திறந்தேன்.

என் புத்தகத்தைத்தான் கொடுத்தேன். இதை எப்படி வேண்டுமானாலும் பிடியுங்கள், ஏற்கனவே என் பையன் பிடித்ததுதான் என்றேன். அட்டையைப் பார்த்ததும் உன் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கண்டுகொள்ளவில்லை.

பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார், விரலில் எச்சில் தொட்டுத் தொட்டு. துப்பறிவாளனுக்கு நீ வைத்த மீசையைப் பார்த்து, எனக்கு இது தோணாமப் போச்சே என்றார். நடுப்பக்கத்தில் பெரிய ஆக்டோபஸ் வருமே, அதற்கு நீ செருப்பு மாட்டியிருந்தாய். ஒவ்வொரு காலுக்கும் ஒவ்வொரு தினுசு. வார் வைத்தது, குதிகால் உயர்ந்தது, உன் அப்பா டிப்போவுக்குப் போட்டுப் போவாரே, பெருவிரலுக்கு வளையம் வைத்தது, அதுகூட இருந்தது. பெரியவர் மப்ளர் நழுவுகிற அளவுக்குச் சிரித்தார். பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போய்ப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏழு காலுக்குப் போட்டிருக்கான். எட்டாவது காலை மட்டும் ஏன் விட்டுட்டான்?"

நான் பேச வேண்டியிருக்கவில்லை.

"அப்பதான் நான் உள்ள வந்தேன்" என்றார் உன் அப்பா.

பெரியவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பையன் இப்போது படம் போடுகிறானா என்று கேட்டார். லிப்ட் கம்பெனியில் நல்ல வேலை என்று நான் அவசரமாகச் சொன்னேன். உன் அப்பா விடவில்லை. "அதுக்கப்புறம் அவன் வரையவே இல்லை சார். என்னாலதான்" என்றார். மெல்லிய குரல்தான், ஆனால் சொன்னார். என் காதால் கேட்டேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை யாரோ ஒரு மனுஷரிடம், வெந்நீர்ப் பிளாஸ்க் முன்னால் நின்று சொன்னார். இவ்வளவுதானா, இதைச் சொல்லவா இவருக்கு இவ்வளவு வயசாக வேண்டியிருந்தது என்று எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

அந்தக் கடைசிக் காலுக்கு நீங்களே ஒரு செருப்பு போட்டுக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டேன். அசட்டுத்தனம்தான்.

"ஆக்டோபஸ் என்னுதும்மா. செருப்பு அதை வரைஞ்சவரோடது. அடுத்தவர் வேலையில நான் கை வைக்கக் கூடாது" என்றார்.

உன் பெயரைக் கேட்டு, அந்தப் பக்கத்தின் அடியில் அதை முதலில் எழுதினார். அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். உன் அப்பாவின் புத்தகம் மேசைமேல் அப்படியே கிடந்தது. அதில் கையெழுத்து வாங்க அவருக்கு நினைவில்லை. பெரியவர் ஞாபகப்படுத்தியபோது, இது உங்களிடமே இருக்கட்டும், ஆற அமரப் படியுங்கள் என்று உறையைப் பைக்குள் திணித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார். பஸ்ஸில் மடிமேல் வெறும் துண்டு. வீடு வரும்வரை அதை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

உன் அப்பாவுக்காக நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதே. போன வருஷங்கள் போனவைதான். நீ கோபமாக இருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். நீ மரியாதையாக அல்லவா இருக்கிறாய், அதுதான் அவரை அறுக்கிறது. நேற்று அந்த அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டிருந்தார். எதற்கு என்றேன். துருப்பிடித்துவிட்டது என்றார். எனக்குத் தெரிந்து துரு எதுவும் இல்லை.

இன்று காலை பார்சல் கட்டப் புத்தகத்தை எடுத்தபோது நடுப்பக்கத்தில் ஒரு நீலப் பேனா இருந்தது. முந்தாநாள் உன் அப்பா எழுதுபொருள் கடையில் காகிதத்தில் கிறுக்கிக் கிறுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாராம், கடைக்காரர் சொன்னார். நீ போட்ட செருப்புகளின் நீலம் இதுதானா என்று பார்த்துக்கொள், கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பொறுத்துக்கொள். புத்தகத்துக்கு உறை போடட்டுமா என்று உன் அப்பாவிடம் கேட்டேன், வேண்டாம் என்றார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உயரத்தில் வேலை செய்யும்போது பெல்ட்டை மறக்காதே. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தால் வழக்கம்போல அவர்தான் எடுப்பார். "இரு, அம்மாகிட்ட தர்றேன்" என்பார். நான் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பேன். கீழே வர நேரமாகும்.

இப்படிக்கு,
என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா