அறுப்பு நேரத்தில் அக்கரைக்கு

தை 20, புதன்

சாயங்காலத்திலிருந்து ஊதல் காற்று. பாபுவுக்கு மூக்கு ஒழுகல். கம்பளித் தொப்பி எடுத்து வைக்க வேண்டும்.

நாளை விடிகாலை கிளம்புகிறோம். தரங்கம்பாடியில் கடல், பிறகு கொள்ளிடம் தாண்டி அக்கரையில் பெரிய நாத்தனார் வீடு. புளிசோறு, தயிர்சோறு, கூஜாவில் வெந்நீர், மாலாவின் பச்சைப் பாவாடை. இவர் தனக்கு நான்கு வேட்டி எடுத்து வைக்கச் சொன்னார். ஒரு ராத்திரி தங்கலுக்கு நான்கு வேட்டியா? "இருக்கட்டும்" என்றார்.

கல்யாணமாகி வந்த நாளாக, அறுப்பு நேரத்தில் இந்த வீட்டில் யாரும் ஊர் சுற்றப் போய்ப் பார்த்ததில்லை. கேட்டேன்.

"கூலி நெல்லைக் கூட்டிக் குடுத்தாத்தான் அருவா எடுப்போம்னு உக்காந்திருக்கானுங்க. வயலைப் பாத்துக்கிட்டு நான் என்ன செய்ய? பிள்ளைங்க இன்னும் கடலே பாத்ததில்ல."

பிள்ளைகள் குதித்த குதியில் அதற்கு மேல் பேச்சில்லை.

மாட்டுக்கொட்டில் கூட்ட வரும் அஞ்சலை இருட்டுவதற்கு முன் வந்து நின்றாள். அவள் புருஷன் முத்தையன்தான் கூலி விஷயத்தில் அவர்கள் தெருவுக்காகப் பேசுகிறவன். "அம்மா, ஐயாகிட்ட பேசி முடிச்சிடலாம்னு தெருவுல ஒத்துக்கிட்டாங்க. எப்ப வரட்டும்?"

உள்ளே போய் இவரைக் கேட்டேன். "வெள்ளிக்கிழமை காலைல வரச் சொல்லு. வீட்டுலதான் இருப்பேன்னு சொல்லு."

"அதுக்குள்ள வந்துடுவோமாங்க?"

"சொல்லேன்."

சொன்னேன். "நாளைக்கு ஒரு நாள் வெளியில போறோம் அஞ்சலை. வெள்ளிக்கிழமை காலைல இருப்போம், வரச் சொல்லு." அவள் முகம் தெளிந்துவிட்டது. போகும்போது பாபுவின் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சிவிட்டுப் போனாள்.

தை 21, வியாழன்

கொட்டும் பனி. முதல் பஸ். நாகப்பட்டினம் வரை பாபு என் மடியில் தூக்கம். இரு பக்கமும் கதிர் சாய்ந்து கிடக்கிறது, வயலில் ஆள் இல்லை. அறுப்புக் காலத்து வயல் இவ்வளவு அமைதியாக இருந்து பார்த்ததில்லை.

ஒரு மதகுக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. முன்னால் ஊர்வலம், சிவப்புக் கொடி. பெண்கள்தான் அதிகம். இவர் பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். பின் சீட்டில் இருவர்.

"உச்சவரம்புக்கு மேல இருக்குறதைப் பிரிச்சுக் குடுக்கப் போறாங்களாம்ல?"

"எந்த நெலத்தை? எல்லாந்தான் கன்னுக்குட்டி பேருல எழுதியாச்சே."

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். இவர் பேப்பரைத் திருப்பவே இல்லை. மாலா, "அம்மா, எதுக்குச் சிரிக்கிறாங்க?" தெரியவில்லை என்றேன். பாபு பேரில் மூன்று மா நிலம் எழுதியிருக்கிறது.

காரைக்கால் தாண்டியதும் காற்றில் உப்பு. தரங்கம்பாடியில் வெயில் ஏறிவிட்டது. பழைய கோட்டை, அதன் காலடியிலேயே கடல். பாபு பயந்து அழுதான். மாலா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைக்கு நேராக நின்றாள். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள், "பாப்பா, அலைக்கு முதுகைக் காட்டாத" என்று சத்தம் போட்டாள். புளிசோற்றில் மணல். இவர் இன்றைக்கு மாதிரி சிரித்து நான் பார்த்து வெகு நாளாயிற்று. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாபுவைத் தோளில் தூக்கித் தண்ணீருக்குள் போனார். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

பிறகு இரண்டு பஸ். சீர்காழியில் கூட்டம், ஒரு செருப்பு போயிற்று (என்னுடையது). அங்கிருந்து மாட்டு வண்டி. மாலா வாந்தி. கொள்ளிடக் கரைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

படகு பெரியது. எங்களோடு இரண்டு சைக்கிள், ஓர் ஆடு, கருவாட்டுக் கூடைகள். அந்த இடத்தில் ஆறு கடல் மாதிரியே அகலம். நடு ஆற்றில் கழி எட்டவில்லை, துடுப்புப் போட்டார்கள். பாபு இப்போது அழவில்லை. தண்ணீரில் கையை விட்டுக்கொண்டே வந்தான்.

அக்கரைத் துறையில் ஒரு கூட்டம், படகுக்காகக் காத்திருந்தது. ஆணும் பெண்ணுமாக, மூட்டை முடிச்சு, சட்டி பானை, கைக்குழந்தைகள். துணி சுற்றிய அருவாள்கள். நாங்கள் இறங்குவதற்குள் மேஸ்திரி மாதிரி ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இவரிடம் ஓடி வந்தார்.

"முதலாளி! நீங்களே வந்துட்டீங்களா? ஆளு தயார். ராத்திரிக்குள்ள களத்துல சேத்துடறேன். வெள்ளிக்கிழமை விடிஞ்சா வயல்ல எறங்கிடுவோம்."

இவர் அவர் தோளைப் பிடித்து அப்பால் அழைத்துப் போனார்.

வெள்ளிக்கிழமை. முத்தையனும் தெருப் பெரியவர்களும் எங்கள் வாசலில் காத்து நிற்கும்போது வயலில் வெளியூர் ஆள் இறங்கும். தடுக்கத் தெரிந்தவர்கள் வயலில் இருக்க மாட்டார்கள். இவரும் ஊரில் இருக்க மாட்டார். அதற்குத்தான் கடல். அதற்குத்தான் நான்கு வேட்டி. வரச் சொன்ன வாய் என்னுடையது.

ஒருத்தி என்னிடம் வந்தாள். பெயர் பவுனாம். முதுகில் குழந்தை. "தண்ணி இருக்காம்மா?" கூஜாவிலிருந்து ஊற்றினேன். முதலில் குழந்தைக்கு, பிறகு அவள்.

"உங்க வயலுதானாம்மா? களத்துகிட்ட மரம் இருக்கா? இவனுக்குத் தொட்டில் கட்டணும்."

"இருக்கு. புங்க மரம்."

"உங்க ஊர்ல ஆளு பத்தலையாம்மா? இம்மாந்தூரம் கூப்பிடுறாங்களே."

சொல்ல நேரம் இருந்தது. படகில் இன்னும் யாரும் ஏறவில்லை. ஊரில் ஆள் இருக்கிறது, அவர்கள் வரப்பில் வந்து நிற்பார்கள், குழந்தையோடு போகாதே என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"ஆமா. பத்தல" என்றேன்.

படகு அவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பியது. பாபு கையசைத்தான். பவுனும் அசைத்தாள்.

நாத்தனார் வீட்டில் நண்டுக் குழம்பு. எனக்கு இறங்கவில்லை. படகு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டேன்.

தை 22, வெள்ளி

வெயில். காலையில் பிள்ளைகளையும் என்னையும் உப்பங்கழிப் பக்கம் கூட்டிப் போனார் நாத்தனார். எதைப் பார்த்தேன் என்று நினைவில்லை.

நாத்தனார் வீட்டுக்காரரின் ரைஸ் மில்லில் டெலிபோன் உண்டு. மத்தியானம் டிரங்க் கால் வந்தது, ஊரிலிருந்து எங்கள் காரியஸ்தர். லைன் சரியில்லை. இவர் கத்திப் பேசினார், நான் கதவுக்கு இப்பால்.

"போலீஸ் வந்துச்சுல்ல? ... கல்லெறிஞ்சது யாரா இருந்தா என்ன? முத்தையன் பேரையும் சேருங்க. கூட வந்த ரெண்டு பேர் பேரையும். ... ஆமா, முதல் பேரா போடுங்க."

வெளியே வந்ததும் கேட்டேன். "முத்தையன் நம்ம வீட்டு வாசல்லல்ல நின்னிருப்பான்?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே வரச் சொன்னேன்."

மில் சத்தத்தில் கேட்காதது மாதிரி நடந்து போய்விட்டார்.

நாளைக் காலை நான் ஊருக்குப் போகிறேன் என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன். "தனியாவா சாரதா? என்ன அவசரம்?" மாடு கறக்க ஆள் இல்லை என்றேன். அது பொய்யும் இல்லை. இவரிடம் நாத்தனாரே சொன்னார். இவர் வந்து, "பிள்ளைங்க இங்கயே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

தை 23, சனி

அதே படகு, எதிர்த் திசை. தனியாகப் பஸ்ஸில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. ஜன்னலோரம் கிடைத்தது. வழியெல்லாம் அந்தத் துறையில் சொன்ன இரண்டு வார்த்தைதான் காதில்.

ஊரில் பெரிய வயல் பாதி அறுபட்டுக் கிடக்கிறது. வரப்பில் இரண்டு போலீஸ்காரர்கள். வெளியூர்க்காரர்களைக் களத்துக் கொட்டகையில் வைத்திருக்கிறார் காரியஸ்தர். பவுனுக்கு நெற்றியில் கட்டு, இரத்தம் காய்ந்து கருத்திருந்தது. குழந்தைக்கு ஒன்றும் இல்லை. புங்க மரத்தில் தொட்டில்.

"கல்லு யாரு போட்டாங்கன்னு தெரியலம்மா. வரப்புல ஒரே சத்தம். அவங்களும் பொம்பளைங்கதான்." என்னைக் குறை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

எதிர் வீட்டுத் தனம் அக்காவிடம் போனேன். "முத்தையன் வெள்ளிக்கிழமை காலைல எங்க வாசல்ல நின்னாரா?"

"நின்னானே. விடிஞ்சதுலேருந்து. உக்காரக்கூட இல்ல. கூட ரெண்டு பேரு, அந்தப் பக்கமாத் திரும்பி நின்னாங்க, மொகம் தெரியல. போலீசு அங்கதான் வந்து பிடிச்சுது."

"ஸ்டேஷன்ல சொல்லுவீங்களா அக்கா?"

கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே அவர் வீட்டுக்காரர் இருமினார். அக்கா புடவையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

சப் இன்ஸ்பெக்டர் எழுந்து நாற்காலி போட்டார். "புகார் குடுத்ததே உங்க வீட்டுத் தரப்புதானேம்மா?"

"வரச் சொன்னது நாங்கதான். வாசல்ல நின்னவர் எப்படி வயல்ல கல்லெறிவார்?"

தனம் அக்கா பார்த்ததைச் சொன்னார். முத்தையனை அடையாளம் தெரியும், மற்றவர்களைத் தெரியாது என்றார். எழுதிக்கொண்டார்கள். சப் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமைன்னு நாள் குறிச்சது யாரும்மா? உங்க வீட்டுக்காரரா?"

சொல்லத்தான் போயிருந்தேன். டெலிபோனில் கேட்டதையும் சேர்த்து.

"நான்தான் குறிச்சேன். அவருக்குத் தெரியாது" என்றேன்.

தை 24, ஞாயிறு

பனி குறைவு. முத்தையனை விட்டுவிட்டார்கள். மற்ற இரண்டு பேரை விடவில்லை. அவர்களுக்குச் சாட்சி இல்லையாம்.

அஞ்சலை வேலைக்கு வரவில்லை. கொட்டிலை நானே கூட்டினேன். பிறகு அவர்கள் தெரு முனைவரை போனேன். குழாயடியில் அவள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அவர் வந்துட்டார். நீங்க சொன்னதாலதான்னு சொன்னாரு" என்றாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் குடத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. அஞ்சலையே சொன்னாள். உள்ளே இருக்கிறவர்களின் வீட்டுக்காரிகள்.

மேற்கொண்டு தகராறு வேண்டாமென்று வெளியூர்க்காரர்களை லாரியில் திருப்பி அனுப்பினார்கள். பவுனுக்குப் பழைய புடவை ஒன்று, குழந்தைக்குப் பாபுவின் சட்டை. ஏறும்போது என்னிடம் மெதுவாக, "பாக்கி வயலு அறுக்கறப்ப எங்களையே கூப்பிடுவீங்களாம்மா? எங்க ஊர்ல ஒண்ணுமில்ல." லாரி கிளம்பிவிட்டதால் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

இவரும் பிள்ளைகளும் பொழுது சாயும்போது வந்தார்கள். பாபுவின் சட்டைப் பையெல்லாம் சிப்பி. மாலாவுக்குத் தோல் கருத்துவிட்டது.

இவர் கை கால் கழுவிவிட்டு வந்து, "ஸ்டேஷனுக்குப் போனியாமே."

"போனேன்."

"என் பேரைச் சொல்லலையாமே."

"சொல்லல."

தலையை ஆட்டிக்கொண்டார். "விவரமாத்தான் நடந்துக்கிட்டிருக்க" என்றார். கோபமே இல்லை. சாப்பிடும்போது ரசம் நன்றாக இருக்கிறது என்றார். இன்னொரு கரண்டி ஊற்றினேன்.