கோலா தின்னாத மரம்

அன்பு அப்பா, முழங்கால் வலி தேவலையா? நான் நல்ல சுகம். வெயிலில் மூக்கு மட்டும் தோலுரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கோலாக் கரடிக் காப்பகத்தில் போன வாரம் ஒரு சண்டை. வேல மர இனத்து வாட்டில் மரங்களை வெட்டச் சொன்னார் சூப்பர்வைசர் கிளென். "கோலா திங்காத மரம் எதுக்கு? யூக்கலிப்டஸ் நடுவோம்" என்றார்.

"ஒரு நாள் வெயில் ஏறட்டும், பார்த்துட்டு வெட்டுங்க" என்று மல்லுக்கு நின்றேன்.

"குளிர்ல வளர்ந்த டாஸ்மேனியாக்காரிக்கு வெயிலைப் பத்தி என்ன தெரியும்?" என்றார்.

செவ்வாய்க்கிழமை அனல் காற்று வீசியது. கோலாக்கள் ஒவ்வொன்றாக யூக்கலிப்டஸை விட்டு இறங்கின. காற்றைவிடக் குளிர்ந்திருந்த வாட்டில் அடிமரங்களில் வயிற்றை ஒட்டவைத்து, கட்டிக்கொண்டு கிடந்தன. முதுகில் குட்டியோடு ஒரு தாயும் இருந்தது. கிளென் ரம்பத்தை வண்டியில் போட்டுவிட்டு, "ஜெயிச்சுட்டே, மார்னி" என்றார். மற்றவர்கள் எல்லோரும் கேட்க, உரக்கவே சொன்னார்!

நம் தோட்டத்து ஆப்பிள் ஜாம் ஒரு பாட்டில் அனுப்புங்கள். உங்கள் பழைய தொப்பியையும் வையுங்கள், துவைக்க வேண்டாம்.

தபால் வண்டி வந்துவிட்டது. நான் கிளம்பும்போது, "மரத்தைக் கட்டிப்பிடிச்சா வயிறு நிறையுமா?" என்று கேட்டீர்களே. நிறையாதுதான் அப்பா. ஆனால் உயிர் தங்குகிறது. யாரும் இல்லாத நேரத்தில் நானும் கட்டிப்பிடித்துப் பார்த்தேன்.

உங்கள் மார்னி