பதினோராவது நிமிடம்

அந்தத் தொடரின் கடைசிப் பகுதியைப் பதினோரு நிமிடம் பார்த்துவிட்டு நீ ஏன் நிறுத்தினாய்? இத்தனை வருடங்களாகக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். தரவு போதாத கேள்விக்கு விடை எழுதாதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்வேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் உள்ள தரவு ஒரு சிவப்புக் கோடு மட்டும்தான்.

உன் டேப்லெட் என் மேசையில் இருக்கிறது. இன்று நீ போன நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து கிளம்பும்போது உன் மகள் கையில் கொடுத்தாள். "அம்மா உங்ககூட சேந்து பாக்கணும்னு வச்சிருந்தாங்க ஆன்ட்டி. நீங்களே பாருங்க." உறையில் இன்னும் தைல வாசனை இருக்கிறது. அய்யம்பேட்டையிலிருந்து தஞ்சாவூர் வரும்வரை பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தேன். வெளியே சம்பா முற்றிக் கிடந்தது. ஒரு வயலில் அறுப்பு மெஷின் இறங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். முதல் ஏழு பகுதிகளுக்குக் கீழே, பார்த்த அளவைக் காட்டும் சிவப்புக் கோடு முழுதாக ஓடியிருக்கிறது. எட்டாவதில் பதினோரு நிமிடத்தில் நிற்கிறது.

கேபிள் வந்த புதிதில் இதற்கு மூலமான விண்கலத் தொடரை உன் வீட்டில்தான் பார்த்தோம், பி.எஸ்ஸி. கடைசி வருடம், உன் அப்பா, நீ அத்தா என்று கூப்பிடுபவர், சவுதியிலிருந்து கொண்டுவந்த கலர் டிவியில். ஆங்கிலம் பாதி புரியாது. காற்றே இல்லாத இடத்தில் வெடிச்சத்தம் எப்படிக் கேட்கும் என்று நான் குறை சொல்லிக்கொண்டே இருப்பேன். "சத்தம் இல்லன்னா எங்கம்மா எந்திரிச்சுப் போயிடுவாங்க. பேசாம பாருடி" என்பாய். கடைசியில் அந்தக் கலத்தின் பெண் கேப்டன் செத்தபோது நீ அழுதாய். நான் அழவில்லை. அதையும் நீ நெடுநாள் சொல்லிக்காட்டினாய்.

முப்பது வருடம் கழித்து அதற்கு முன்கதை எடுத்தார்கள். நாம் கப்பல் என்று சொல்லும் அந்தக் கலம் கிளம்புவதற்கு முந்தைய ஒரு வருடம், ஒரு சிற்றூர், போகப்போகிறவர்களின் வீடுகள். சிலர் அதைத் தியானம் என்று எழுதினார்கள், சிலர் தூக்க மாத்திரை என்றார்கள். என் லேபில் ஒரு பையன், "மேம், அஞ்சு எபிசோட் ஆச்சு, ஒரு ராக்கெட்கூடக் கிளம்பல" என்றான். நான் அவன் கட்சி. அந்த கேப்டன் எப்படிச் சாவாள் என்று நமக்குத் தெரியும். பிறகு அவள் ரொட்டி சுடுவதை எதற்கு நான்கு நிமிடம் பார்க்க வேண்டும்?

"முடிவு தெரிஞ்சா என்னடி? அதுக்கு முன்னாடி அவ என்ன சாப்பிட்டா, யாருகூட சண்ட போட்டான்னு தெரிய வேணாமா?" என்றாய்.

வெள்ளிக்கிழமைதோறும் மதியம் நீ அங்கே, நான் இங்கே. முடிந்ததும் நான்தான் கூப்பிட வேண்டும் என்பது நீ போட்ட சட்டம். நான்காவது வாரம் கண்டுபிடித்துவிட்டாய்.

"அந்தம்மா வீட்டப் பூட்டிட்டு, திரும்பத் திரும்பப் போயி பூட்ட இழுத்துப் பாத்தாங்களே, எத்தன தடவ?"

"ரெண்டு."

"நாலு. ஓட்டிட்டேல்ல?"

ஆமாம். பத்து விநாடி தாண்டிப்போகும் பொத்தானை அமுக்கி அமுக்கித்தான் பார்த்தேன். நீ சிரித்தாய். "நீ அன்னைக்கே அப்படித்தானே" என்றாய். எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும்.

அன்று நாம் படித்த கல்லூரி மதியமே விட்டுவிட்டது. ஊருக்கு லீவில் வந்த யாரோ உன் அத்தாவின் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கடிதத்துக்குப் பதில் அவர் பேசிப் பதிந்து அனுப்புவார். நீ, உன் அம்மா, நான், மூவரும் டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்தோம். எல்லோரையும் விசாரித்தார், குறுவை எப்படி என்றார், உன்னை நன்றாகப் படிக்கச் சொன்னார். இருபது நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிட்டது. கேசட்டோ ஒரு மணி நேரம். மிச்சத்தை வெறுமையாக அனுப்ப மனம் வராமல், ஓடவிட்டபடியே அவர் சமைக்கப் போய்விட்டார். குழாய்ச் சத்தம், கத்திச் சத்தம், எண்ணெயில் வெங்காயம் விழும் சத்தம். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து நான் ஓட்டும் பொத்தானை அமுக்கினேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய்.

"ஓட்டாதடி. அத்தா சமைக்கிறாங்க."

உன் அம்மா டேப் ரெக்கார்டரிடம் குனிந்து, "தீயக் கொறைங்க, கருகுது" என்றார். நான் சிரித்துவிட்டேன். நீங்கள் இருவரும் சிரிக்கவில்லை. கேசட் தீரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

ஏழாவது பகுதி முடிந்து கூப்பிட்டபோது உன் குரல் இளைத்திருந்தது. "கட்டிய எடுத்தாச்சுன்னு சொன்னேன்ல, ஒண்ணுமில்ல" என்றாய். ஒவ்வொரு அளவுக்கும் ஆதாரம் கேட்கிற நான், உன்னிடம் ஒரு ரிப்போர்ட்டைக்கூடக் காட்டச் சொல்லவில்லை. நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

"கடைசி எபிசோடுக்கு நம்ம வீட்டுக்கு வாயேன். பக்கத்துல உக்காந்து ஓட்டாம பாரு."

"வெள்ளிக்கிழம பேப்பர் திருத்தணும். ஞாயித்துக்கிழம வர்றேன்."

"வெள்ளிக்கிழமையே வாடி."

"ரெண்டு நாள்ல கப்பல் எங்கயும் போயிடாது."

நீ கொஞ்சம் பேசாமல் இருந்தாய். பிறகு "சரி, வா" என்றாய். அந்தப் பேசாத நேரத்தையும் நான்தான் தாண்டினேன். குக்கர் விசில் வருகிறது என்று சொல்லி போனை வைத்தேன்.

சனிக்கிழமை காலை உன் மகள் கூப்பிட்டாள். நான் வந்து சேர்ந்தபோது உன்னைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். பிழைக்க மாட்டாய் என்பது மூன்று மாதமாகவே உனக்குத் தெரியும் என்று அன்றுதான் சொன்னாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாயாம். முடிவு தெரிந்த கதையை நீதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். நான் உன்னிடம் வாராவாரம், ஒன்றுமே நடக்கவில்லையே என்று புலம்பியிருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை பதினோரு நிமிடத்தில் என்ன ஆயிற்று? வலியா? களைப்பா? இல்லை, ஞாயிற்றுக்கிழமை இவள் வருவாளே என்று நிறுத்தி வைத்தாயா? உன் மகளும் சொன்ன இந்த மூன்றாவதுதான் உண்மை என்று நம்ப ஆசையாக இருக்கிறது. அதனாலேயே அதைச் சந்தேகிக்கிறேன். நாளை லீவு போட்டிருக்கிறேன்.

மறுநாள் நடந்தது இது. மதியம் இரண்டரைக்கு முதலிலிருந்து போட்டேன். பதினோராவது நிமிடத்தில் இரண்டு பெண்கள் ஒரு போர்வையை ஆளுக்கொரு முனை பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தடயமும் இல்லை. இருபது நிமிடமாவது வெட்டியிருக்கலாம் என்றே இப்போதும் நினைக்கிறேன். இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தேன். ஆனால் ஓட்டவில்லை. கடைசியில் கலம் கிளம்பியது. காற்று மண்டலத்தைத் தாண்டியதும் சத்தமே இல்லாமல் எடுத்திருந்தார்கள், சரியாக. முடிந்ததும் கை பழக்கத்தில் உன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டது. நான் வைப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள் உன் மகள்.

"கப்பல் கிளம்பிடுச்சும்மா" என்றேன்.

உங்கள் அடுக்களையில் குழாய் திறந்திருந்தது. ஏதோ தாளிக்கும் சத்தம் கேட்டது. இருவருமே போனை வைக்கவில்லை.