உட்கார்ந்துகொண்டே தேர்தலில் நின்றவளுக்கு

பக்கத்து வீட்டில் கொல்லிமலைப் பலாப்பழம் அரிகிறார்கள். வாசனை சுவரேறி வந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. பத்திரிகைகள் உன்னை வீராங்கனை என்று எழுதின. எனக்கு நீ, பலாப் பால் ஒட்டிய கையோடு ஊராருக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கைகளைப் பிரிக்க முடியாமல் விழித்த பள்ளித்தோழிதான்.

வெள்ளைக்காரன் காலம்; சொத்துள்ளவர்களுக்கும் வரி கட்டுகிறவர்களுக்கும்தான் ஓட்டு. டில்லியில் இருந்த மத்திய சட்டசபைக்கு ஒரு பெண் போட்டியிடுவதே எங்கள் பக்கத்தில் வேடிக்கை. "மலையில ஓட்டு இருக்கறவங்க கொஞ்சம் பேருதானுங்க, விட்டுடலாம்" என்றார் உன் ஏஜெண்டு. நீ கேட்கவில்லை. மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் வண்டியை நிறுத்திவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஏறினாய். எடப்புளி நாடு என்ற மலையூரை அடைந்ததும் ஒரு பாறையில் பொத்தென்று உட்கார்ந்தாய். ஊர்க்கவுண்டர் வந்தார்.

"ஏனுங்கம்மா, எலெக்சன்ல நிக்கறவரு எங்கீங்க?"

"நான்தாங்க நிக்கறேன்."

அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "உக்காந்துட்டுல்லீங்க இருக்கறீங்க?"

துள்ளி எழுந்தாய். எழுந்த வேகத்தில் பிரசங்கத்தையும் ஆரம்பித்துவிட்டாய். தேசம், விடுதலை, பெண்ணுரிமை என்று நீ மூச்சு வாங்க நிறுத்தியபோது, இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி கேட்டாள்:

"டில்லிக்குப் போயி என்னங்க பண்ணுவீங்க?"

"பேசுவேன்."

"பேசறதுக்கா அவ்வளவு தூரம்? இங்கயே பேசுங்க, நாங்க கேட்டுக்கறோம்."

ஊரே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. "அங்கதான் பேசோணும்னா, மலைக்கு ஒரு நர்சம்மா வேணும்னு பேசுங்க. என்ற தங்கச்சியப் பிள்ளப்பேறுக்குத் தூளி கட்டித் தூக்கிட்டு எறங்குனோம். பாதி வழியிலயே போயிட்டா."

"அந்தப் பொண்ணுக்கு ஓட்டு இல்லீங்க" என்று ஏஜெண்டு உன் காதில் கிசுகிசுத்தார். நீ அவரை முறைத்த முறைப்பில் மனிதர் இரண்டடி பின்னால் போனார்.

ஜெயித்தாய். டில்லியில் நீ அந்தப் பேச்சை எடுத்ததும், பிரசவமெல்லாம் சபையின் விஷயமல்ல என்றாராம் ஒரு கனவான். "ஐயா பிறக்காமலேயே இங்கு வந்துவிட்டீர்களோ?" என்று கேட்டாயாம். சபை சிரித்ததே தவிர ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்து ஜில்லா அதிகாரிகளை நச்சரித்தாய். உன்னைக் கண்டாலே அவர்கள் பின்வாசலைத் தேடினார்கள். கடைசியில் ஒரு நர்சம்மாவை நியமித்தார்கள். அவரை நீயே மலைக்கு அழைத்துப் போனாய். அன்று தங்கச்சியைப் பற்றிச் சொன்னவள்தான் எதிரே வந்தாள். நர்சம்மாவின் டிரங்குப் பெட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

இறங்கும்போது, அத்தனை பேர் முன்னால் பேச உனக்குப் பயமே இல்லையா என்று கேட்டேன். "ஏன் இல்லை? பயம் போகட்டும்னு காத்திருந்தா கூட்டம் போயிடும்டி" என்றாய்.

நேற்று எங்கள் நகரசபையில் குடிநீர்க் குழாய்க்காக நான் பேச எழுந்தேன். பயம் போகவே இல்லை, அதோடேயே பேசினேன். கூட்டத்தில் ஒருவரும் எழுந்து போகவில்லை.